காட்டிக் கொடுத்தவர் யார்?

நட்பு என்னும் சொல்லில் எத்துணை இனிமை உண்டோ, துரோகம் என்னும் சொல்லில் அத்துணைக் கசப்பு உண்டு. பகைவர் செய்த தீங்கை நாம் மறந்தாலும் மறப்போம். உடன் இருந்து உண்டவர் செய்த தீங்கை மறப்பதில்லை. அதனால்தான் பழங்கதைகளில் வரும் வீரனைப் பற்றி ஒரு நாழிகை பேசுகிறவர்கள், துரோகியைப் பற்றி ஓர் இரவு முழுவதும் பேசுகிறார்கள். "அவன் ஏன் அப்படிச் செய்தான்?" என்ற ஒரு கேள்விக்கு எத்தனையோ தலைமுறைகள் விடை சொல்லியும் அக்கேள்வி இன்னும் தீர்ந்தபாடில்லை.

அந்தக் கேள்வியை நாங்களும் எடுத்துக்கொண்டோம். இது கதைமாந்தரோடு நின்றுவிடும் கேள்வி அன்று. எங்கள் வகுப்பறை வாசல் வரை வந்து நிற்கும் கேள்வி. அதனால் ஆசிரியைகளும் அருட்சகோதரிகளும் பெற்றோரும் எங்களோடு சேர்ந்து இதைச் சிந்திக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

பாட்டி சொல்லக் கதை கேட்ட காலம் போய், கைப்பேசித் திரையில் கதைக்குள் நாமே நடமாடும் காலம் வந்துவிட்டது. 2018-ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த இன்னர்ஸ்லாத் என்னும் சிறிய நிறுவனம் 'அமங் அஸ்' என்று ஒரு விளையாட்டை வெளியிட்டது. 2020-இல் கொரோனாவால் வீடுகள் அடைபட்டுக் கிடந்தபோது அது உலகெங்கும் பரவியது. அப்போது நாங்கள் தொடக்கப் பள்ளிச் சிறுமிகள். ஒரு விண்கலத்தில் சிலர் பணி செய்துகொண்டிருப்பார்கள். அறுந்த கம்பிகளை இணைப்பது, குப்பையைக் கொட்டுவது போன்ற சிறு சிறு வேலைகள். அவர்களுக்குள் ஒருவரோ சிலரோ 'இம்போஸ்டர்', அதாவது வேடம் போட்டு உலவும் பகைவர். அவர் மற்றவர்களை ஒவ்வொருவராக வீழ்த்திக்கொண்டே வருவார். எஞ்சியவர்கள் கூடிப் பேசி, வாக்களித்து, ஐயத்துக்குரியவரைக் கலத்திலிருந்து வெளியே தள்ளிவிடுவார்கள்.

இந்த விளையாட்டால் எங்களுக்குள் நடந்த சண்டைகள் கொஞ்சமல்ல. "நான் உன் உயிர்த்தோழி ஆயிற்றே, என்னைப் போய் ஏன் கொன்றாய்?" என்று ஒருத்தி கேட்பாள். "எனக்கு அந்தச் சீட்டு விழுந்தது, அதனால் கொன்றேன்" என்பாள் மற்றவள். அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? அங்கே துரோகிக்கு நெஞ்சமே கிடையாது. இயந்திரம் சீட்டுக் குலுக்கிப் போடுகிறது. விழுந்த சீட்டின்படி கை வேலை செய்கிறது. ஆகையால் சண்டை ஐந்து நிமிடத்தில் முடிந்து அடுத்த ஆட்டம் தொடங்கிவிடும். மனிதர் கதையோ அப்படியன்று. அங்கே சீட்டுக் குலுக்குவார் யாருமில்லை. தன் நண்பனை விடுவதா, பற்றுவதா என்று மனிதன் தானே தேர்ந்துகொள்கிறான். ஆகவே அவன் நெஞ்சில் என்ன இருந்தது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

துரோகி என்றவுடன் கிறிஸ்தவப் பிள்ளைகளாகிய எங்கள் நினைவுக்கு வருகிறவன் யூதாசு. பெரிய வியாழன்தோறும் அவன் பெயரைக் கேட்கிறோம். பன்னிரு திருத்தூதருள் ஒருவன். அவர்களுடைய பணப்பையை வைத்திருந்தவன். 30 வெள்ளிக் காசுக்கு ஆண்டவரைக் காட்டிக் கொடுத்தவன். ஏன் செய்தான்? அவன் பணப்பையிலிருந்து திருடுகிறவன் என்று அருளப்பர் எழுதுகிறார். அப்படியானால் பேராசையே காரணம் எனலாம். ஆனால் 30 காசு என்பது என்ன பெருந்தொகை? யாத்திராகமச் சட்டப்படி ஒருவனுடைய மாடு முட்டி அடிமை ஒருவன் இறந்துபோனால், அடிமையின் எசமானுக்குக் கொடுக்க வேண்டிய ஈடு 30 வெள்ளி. அடிமையின் விலைதான் அது! அதையும் அவன் செலவழிக்கவில்லை. ஆலயத்தில் வீசிவிட்டுப் போய் நான்றுகொண்டான் என்று மத்தேயு கூறுகிறார். சாத்தான் அவனுள் புகுந்தான் என்பது லூக்காவும் அருளப்பரும் சொல்வது. உரோமையருக்கு எதிராக ஆண்டவர் வாளெடுக்கவில்லையே என்ற ஏமாற்றத்தால் செய்தான் என்பாரும் உண்டு. பிடிபட்டாலாவது அவர் தம் வல்லமையைக் காட்டுவார் என்று எண்ணிச் செய்தான் என்பாரும் உண்டு. 2006-ஆம் ஆண்டில் 'யூதாசின் நற்செய்தி' என்ற பழைய கோப்து மொழி ஏடு ஒன்று அச்சில் வந்தது. ஆண்டவரின் விருப்பப்படியே யூதாசு நடந்தான் என்பது அதன் கருத்து. அப்பெயருடைய நூலைப் புனித இரேனேயுஸ் இரண்டாம் நூற்றாண்டிலேயே தள்ளிவிட்டார்.

இத்தனை காரணங்களையும் எங்கள் வகுப்பில் அடுக்கிப் பார்த்தோம். எந்தக் காரணம் உண்மையானாலும் ஒரு செய்தி மாறவில்லை. யூதாசு தன் மனக்குறையை ஒரு நாளும் ஆண்டவரின் முகத்துக்கு நேரே சொன்னதாக நற்செய்தி ஏடுகளில் இல்லை. அவனுக்குப் பிடிக்கவில்லையென்றால் விலகிப் போயிருக்கலாமே! கப்பர்நாகூமில் ஆண்டவரின் போதனை கடினமாக இருக்கிறது என்று சீடர் பலர் அவரை விட்டுப் போய்விட்டார்கள். அவர் அவர்களைத் தடுக்கவில்லை. அவர்களைத் துரோகிகள் என்று திருச்சபை எந்நாளும் அழைத்ததில்லை. யூதாசு விலகவுமில்லை, சொல்லவுமில்லை. பந்தியில் உடன் அமர்ந்து கை நனைத்துவிட்டு, இருட்டில் போய், வாளும் தடியும் ஏந்திய கூட்டத்தை அழைத்து வந்து, முத்தத்தால் அடையாளம் காட்டினான். நம் பாட்டிமார் இராயப்பர் என்று சொல்லும் பேதுருவும் அதே இரவில் மும்முறை மறுதலித்தார். ஆனால் அவர் அச்சத்தால் தடுக்கி விழுந்தவர், விழுந்த இடத்தில் அழுது எழுந்தவர். திட்டமிட்டு மறைவில் நடந்ததற்கும் இதற்கும் உள்ள தூரத்தை ஞானோபதேசம் படித்த சிறு பிள்ளையும் அறியும்.

இனித் தமிழ்நாட்டுக் கதைக்கு வருவோம். துரோகமா, அறமா என்று தமிழர் மேடை போட்டு வாதாடும் கதை வீடணன் கதை. 1939-இல் காரைக்குடியில் சா. கணேசன் அவர்கள் கம்பன் விழாவைத் தொடங்கிய பின்னர், கம்பன் கழகங்கள் பல ஊர்களில் எழுந்தன. நம் புதுவையிலும் கம்பன் கழகம் ஆண்டுதோறும் விழா எடுத்து வருகிறது. இவ்விழாக்களில் பட்டிமன்றமும் வழக்காடு மன்றமும் முக்கியமானவை. "சிறந்தவன் வீடணனா, கும்பகருணனா?" என்பது தலைமுறை தலைமுறையாகத் தமிழ் மேடைகள் கேட்டுப் பழகிய வழக்கு.

இருவரும் இராவணனின் தம்பியர். சீதையைச் சிறை வைத்தது தவறு என்று இருவருமே அண்ணனின் அவையில் துணிந்து சொன்னார்கள். வீடணன் மறுபடியும் மறுபடியும் சொன்னான். இரணியன் கதையை எடுத்துக்காட்டி எச்சரித்தான். இராவணன் சினந்து அவனை விரட்டினான். அவன் தன் அமைச்சர் நால்வரோடு புறப்பட்டு இராமனிடம் அடைக்கலம் புகுந்தான். கும்பகருணனோ, தன் சொல் எடுபடாதபோதும் அண்ணன் ஊட்டிய சோற்றுக்கு நன்றியாகப் போர்க்களம் சென்று மாண்டான். களத்தில் வீடணன் வந்து அழைத்தும் அவன் வர மறுத்தான். ஆனால் தன் முடிவு நெருங்கியபோது, தம்பி வீடணனைக் காப்பாற்றும்படி இராமனையே வேண்டிக்கொண்டான். இக்காட்சியைத் தமிழ் வகுப்பில் கேட்டு எங்களில் கண் கலங்காதவர் இல்லை.

வீடணனைத் துரோகி என்பவர்களின் வாதம் வலிமையற்றதன்று. அவன் இராமனிடம் போனதோடு நிற்கவில்லை. இலங்கையின் காவலையும் படையையும் பற்றிச் சொன்னான். நிகும்பலையில் இந்திரசித்து செய்த வேள்வியை முடியவிடக் கூடாது என்று எடுத்துரைத்துத் தன் அண்ணன் மகனின் வீழ்ச்சிக்கு வழி காட்டினான். கடைசியில் இலங்கையின் முடியும் அவன் தலைக்கே வந்தது. ஆகவே முடிக்கு ஆசைப்பட்டுத்தான் போனான் என்கிறார்கள். அவனுக்காகப் பேசுகிறவர்களோ, முடியைக் கேட்டு அவன் போகவில்லை, அடைக்கலம் கேட்டே போனான் என்கிறார்கள். இராவணன் மாண்டபோது அவன் மேல் விழுந்து அழுதவனும் இந்த வீடணன்தான் என்று நினைவூட்டுகிறார்கள்.

இந்த வழக்கின் முதல் பட்டிமன்றம் காரைக்குடியிலும் புதுவையிலும் நடக்கவில்லை. கடற்கரையில் இராமனின் பாசறையிலேயே நடந்துவிட்டது! வந்தவனை ஏற்கலாமா என்று இராமன் கேட்டபோது, வேண்டாம் என்றான் சுக்கிரீவன். வேண்டாம் என்றான் சாம்பவன். அனுமன் ஒருவன் மட்டும் ஏற்கலாம் என்றான். அவன் வெறும் நம்பிக்கையில் அதைச் சொல்லவில்லை, சான்று வைத்தான். தான் இலங்கையில் பிடிபட்டு நின்றபோது, தூதனைக் கொல்வது முறையன்று என்று சொல்லித் தன்னைக் காத்தவன் வீடணனே என்பதை நினைவூட்டினான். ஒருவனுடைய நெஞ்சை நாம் பிளந்து பார்க்க முடியாது. முன்பு அவன் எப்படி நடந்தான் என்பதைப் பார்க்கலாம். அனுமன் கற்றுத் தரும் இப்பாடத்தை எங்கள் கைப்பேசி விளையாட்டில் வாக்களிக்கும்போதுகூட நாங்கள் மறந்துவிடுகிறோம். யார் உரக்கக் குற்றம் சாட்டுகிறார்களோ அவர்கள் பக்கமே வாக்கு விழுகிறது.

எங்கள் வகுப்பிலும் கையுயர்த்திப் பார்த்தோம். பெரும்பாலோர் கும்பகருணன் பக்கம். காரணம் எளிது: அவன் நன்றி மறவாதவன். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பது நம் பழமொழி. பெயரிலேயே உப்பைக் கொண்ட உப்பளத்தில் வாழும் எங்களுக்கு அப்பழமொழி இன்னும் நெருக்கம் போலும்!

ஆயினும் ஒரு கேள்வி எழுந்தது. அண்ணனும் தம்பியரும் ஆகிய மூவரைப் பற்றி இத்தனை வாதம் நடக்கிறதே, அசோகவனத்தில் இருந்த சீதையை யாராவது கேட்டார்களா? கும்பகருணனின் நன்றியுணர்வு பெரிது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த நன்றியால் சிறையில் இருந்த பெண்ணுக்கு ஒரு நாழிகையேனும் துன்பம் குறைந்ததா? தவறு என்று தெரிந்தும் அவன் தவறின் பக்கம் நின்று போரிட்டான். அவன் வென்றிருந்தால் சீதையின் சிறை நீண்டிருக்கும். சீதையின் பக்கத்திலிருந்து பார்த்தால் வீடணன் போன பாதைதான் விடுதலையின் பாதை. அங்கே அவளுக்கு ஆறுதல் சொல்லிவந்த திரிசடையும் வீடணன் மகளாகவே கம்பனில் வருகிறாள். தந்தையும் மகளும் துன்பப்பட்டவள் பக்கம் நின்றார்கள். இதைச் சொன்னபோது உயர்ந்த கைகளில் சில இறங்கின.

இவ்விரு கதைகளையும் சேர்த்துப் பார்த்து நாங்கள் கண்ட முடிவு இதுதான். ஒருவரைத் துரோகி என்று சொல்லும் முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். முதலாவது, அவர் தம் கருத்தை முதலில் நண்பரின் முகத்துக்கு நேரே சொன்னாரா? இரண்டாவது, செய்ததை வெளிச்சத்தில் செய்தாரா, இருட்டில் செய்தாரா? மூன்றாவது, யாரை யாரிடம் கொடுத்தார்? எளியவரை வலியவர் கையில் கொடுத்தாரா, அல்லது வலியவர் கையிலிருந்து எளியவரை மீட்கப் போனாரா?

மூன்று கேள்விகளிலும் யூதாசு தோற்கிறான். அவன் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, இருட்டில் செய்தான், ஆயுதமில்லாத ஒருவரை ஆயுதம் ஏந்தியவர் கையில் கொடுத்தான். வீடணன் அவையறியச் சொன்னான். எல்லோரும் காணப் போனான். சிறைப்பட்டவளின் விடுதலைக்கு உதவினான். முடி பெற்றதைப் பற்றி வேண்டுமானால் பட்டிமன்றங்கள் இன்னும் நூறாண்டு நடக்கட்டும். மனித நெஞ்சில் நல்ல எண்ணமும் ஆசையும் கலந்தே இருக்கக்கூடும். ஆனால் துரோகி என்ற பட்டத்தை அவனுக்குச் சூட்ட எங்கள் மனம் ஒப்பவில்லை.

கேள்வி கேளாமல் பட்டம் சூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நம் புதுவை வரலாற்றிலேயே சான்று உண்டு. நம் நகரில் லல்லி தொலாந்தால் வீதி என்று ஒரு வீதி இருக்கிறது. அப்பெயருக்கு உரியவர் லல்லி என்னும் பிரெஞ்சுத் தளபதி. அவர் 1758-இல் புதுச்சேரி வந்தார். வந்த சில வாரங்களில் கடலூருக்கு அருகில் ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தார். பிறகு சென்னையை முற்றுகையிட்டு, 1759 பிப்ரவரியில் பிடிக்க முடியாமல் திரும்பினார். 1760 ஜனவரி 22-இல் வந்தவாசிப் போரில் தோற்றார். ஆங்கிலேயர் புதுச்சேரியைச் சூழ்ந்துகொண்டனர். உண்ண உணவின்றிப் போகவே, 1761 ஜனவரியில் ஊரை ஒப்படைத்தார். பின்னர் ஆங்கிலேயர் இந்நகரையே இடித்துத் தள்ளினர்.

லல்லி நல்ல குணசாலி என்று யாரும் சொல்லவில்லை. கடுஞ்சொல்லர், முன்கோபி, உடன் பணிபுரிந்தவர்களை மதியாதவர். இங்குள்ள மக்களின் வழக்கங்களை மதியாமல் அவர்களைச் சுமை இழுக்கச் செய்து பகைத்துக்கொண்டவர். ஆனால் துரோகியா? ஊரை விட்டு வெளியேறும்போதே தம் நாட்டவரே அவரை ஏசினர். இங்கிலாந்தில் கைதியாக இருந்தவர், தம்மைத் துரோகி என்று பிரான்சில் பேசுகிறார்கள் எனக் கேள்விப்பட்டு, வழக்கைச் சந்திப்பதற்காகத் தாமாகவே அனுமதி பெற்றுப் பாரீசுக்குப் போனார். குற்றம் செய்தவன் இப்படித் தானே போவானா என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அவரைப் பஸ்தீல் சிறையில் அடைத்தார்கள். 1766 மே 9-ஆம் நாள், பேச முடியாதபடி வாயை அடைத்து, தலையை வெட்டிவிட்டார்கள்.

அவருடைய மகனும் அறிஞர் வோல்த்தேரும் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 1778-இல் அந்தத் தீர்ப்பு நீக்கப்பட்டது. மரணப் படுக்கையில் இருந்த வோல்த்தேர் அச்செய்தி கேட்டு மகிழ்ந்தார். தீர்ப்பு மாறியது, போன தலை திரும்பி வரவில்லை! 'அமங் அஸ்' விளையாட்டிலும் குற்றமற்றவரை வாக்களித்து வெளியே தள்ளிய பிறகுதான், "இவர் இம்போஸ்டர் அல்லர்" என்று திரையில் எழுத்து வரும். விளையாட்டில் அடுத்த ஆட்டம் உண்டு. லல்லிக்கு ஏது அடுத்த ஆட்டம்? ஒரு நாடு தோற்றுவிட்டால் தோல்விக்கு ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. கிடைத்த ஆளுக்குத் துரோகி என்று பெயர் வைத்தால் மற்றவர்கள் எல்லோரும் நல்லவர்களாகிவிடலாம் அன்றோ!

இப்பொழுது எங்களைப் பற்றிச் சொல்கிறோம். மாணவியர் உலகில் மிகக் கடுமையான வசைச் சொல் எது தெரியுமா? 'போட்டுக் கொடுப்பவள்' என்பதுதான். அப்பெயர் வாங்கியவளோடு மதிய உணவுக்கு யாரும் உட்காருவதில்லை. இந்தப் பெயருக்கு அஞ்சி நாங்கள் எத்தனையோ செய்திகளை நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறோம்.

இந்தப் பெயர் எப்படிப் பிறந்தது? பல பள்ளிகளில் உள்ள ஒரு வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஆசிரியை வகுப்பில் இல்லாதபோது, பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுத ஒருத்தியை நிறுத்துவார்கள். அவள் தனக்குப் பிடித்தவர்கள் பெயரை அழித்துவிடுவாள். பிடிக்காதவர்கள் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போவாள். அன்றைக்கே எங்கள் மனத்தில் ஒரு பாடம் பதிந்துவிடுகிறது: பெரியவர்களிடம் சொல்வது என்றால் தோழியைத் தண்டனைக்கு அனுப்புவது. முதல் வகுப்பில் படித்த இந்தப் பாடம் பத்தாம் வகுப்பிலும் மறப்பதில்லை.

சின்னச் செய்திகளில் இதனால் பெரிய கேடில்லை. ஆனால் செய்தி பெரிதாக இருந்தால்? ஒரு தோழி பல நாளாகச் சாப்பிடாமல் டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுபோகிறாள். இன்னொருத்தியிடம் முகந்தெரியாத ஒருவன் இரவெல்லாம் கைப்பேசியில் பேசிப் படம் அனுப்பச் சொல்லி மிரட்டுகிறான். வேறொருத்தி வீட்டுக்கு வந்துபோகும் ஓர் ஆளைக் கண்டு அஞ்சுகிறாள். "சத்தியமாக யாரிடமும் சொல்லாதே" என்று நம் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள். நாமும் சத்தியம் செய்கிறோம். அந்தச் சத்தியத்தைக் காப்பதுதான் நட்பு என்று நினைக்கிறோம். கும்பகருணன் செய்த தவறு இதுவே. நம் நன்றியால், நம் மௌனத்தால், சிறைப்பட்டவளின் சிறை நீள்கிறது. நம் மௌனத்தால் பயனடைகிறவன் யார்? மிரட்டுகிறவன்தான்.

மூன்றாவது கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள்: யாரை யாரிடம் கொடுக்கிறோம்? இங்கே சொல்வது காட்டிக் கொடுப்பதாகாது. எளியவளைக் காக்கக்கூடியவர் கையில் சேர்ப்பதாகும். ஒருவன் தவறு செய்தால் முதலில் அவனிடம் தனியே சொல், கேளாவிட்டால் ஒருவர் இருவரைக் கூட்டிச் சென்று சொல், அப்போதும் கேளாவிட்டால் சபைக்குச் சொல் என்று ஆண்டவரே வழி வகுத்தார். நட்பு சிரித்து மகிழ மட்டும் உரியதன்று, தவறும்போது இடித்துரைக்கவும் உரியது என்று வள்ளுவரும் 'நட்பு' அதிகாரத்தில் கூறியிருக்கிறார். தோழியிடமே முதலில் பேசுவோம். "வா, உன்னோடு நானும் வருகிறேன்" என்று அவளை அழைத்துக்கொண்டே பெரியவர்களிடம் போவோம். அவள் மறுத்தாலும், ஆபத்து பெரிதென்றால் அவள் அறியவே போவோம். நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. சிறுவர் சிறுமியரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அத்தகைய குற்றத்தை அறிந்தவர் அதைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து சிறுவர்களுக்கு மட்டும் அச்சட்டம் விலக்கு அளிக்கிறது. 1098 என்ற எண்ணில் குழந்தைகளே கூப்பிட்டு உதவி கேட்கலாம்.

பெரியவர்களிடமும் பணிவோடு சில வார்த்தை சொல்ல விரும்புகிறோம். சிறு குறும்புகளுக்காக எங்களை ஒருவர் மேல் ஒருவர் வேவு பார்க்கப் பழக்காதீர்கள். பெரிய துன்பத்தைச் சொல்ல வேண்டிய நாளில் எங்கள் நா எழாது. நாங்கள் வந்து சொல்லும்போது, சொன்னவள் யார் என்பதை வகுப்பறையிலோ பெற்றோர் கூட்டத்திலோ வெளியிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, துன்பத்தில் இருப்பவளையே முதலில் தண்டிக்காதீர்கள். "உன்னால்தான் இத்தனையும்" என்று சொல்லி அவள் கைப்பேசியைப் பறித்து, அவள் படிப்பை நிறுத்தி, அவசரமாக ஒரு திருமணத்தை முடித்துவிட்டால், உண்மையில் நாங்கள் அவளை எளியவளாகக் கொண்டுபோய் வலியவர் கையில் கொடுத்தவர்களாவோம். அன்றைக்கு எங்களை நீங்களே யூதாசாக்கிவிடுவீர்கள். பிறகு எந்தப் பெண்ணும் எதையும் சொல்ல வரமாட்டாள். நாங்கள் தோழியரை நம்பிச் சத்தியம் செய்கிறோம். உங்களை நம்பி அந்தச் சத்தியத்தை மீறுகிறோம். அந்த நம்பிக்கையைக் காப்பது உங்கள் கடமை.

தோழியரே! நட்பில் நன்றி வேண்டும். அது கும்பகருணன் நினைத்த உப்பு. நன்றியோடு உண்மையும் வேண்டும். நம் ஆண்டவரும் தம் சீடர்களை உலகுக்கு உப்பாக இருக்கச் சொன்னார். உப்பு சுவை தருவது மட்டுமன்று, கெட்டுப்போகாமல் காக்கவும் செய்வது. கடற்கரை ஊரில் மீனுக்கு உப்பிட்டுக் கருவாடாக்கும் வீடுகளில் பிறந்த எங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு தோழி கெட்டுப்போகாமல், நொந்துபோகாமல் காக்க நாம் வாய் திறந்தால், நம்மை ஊர் என்ன பெயரிட்டு அழைத்தாலும் அழைக்கட்டும். சொல்ல வேண்டியதை முகத்துக்கு நேரே சொல்வோம், வெளிச்சத்தில் செய்வோம், எளியவர் பக்கம் நிற்போம். அப்படி நிற்கிறவர்களைத் துரோகி என்று அழைக்காத ஒரு வகுப்பறையை முதலில் நம் பள்ளியிலேயே உண்டாக்குவோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி
உப்பளம், புதுச்சேரி